கிணற்றில் எண்ணெய் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு பெற்றோல் நிலையத்தை மூடும்போது மேலே நிற்கும் பம்பைக் கழற்றுவது லேசு. கீழே புதைத்த தாங்கிதான் தொல்லை. இரும்புத் தாங்கி முப்பது, நாற்பது வருடம் ஈர மண்ணுக்குள் கிடந்தால் துருப்பிடிக்கும். ஊசித்துளை அளவு ஓட்டை போதும். ஒரு நாளைக்கு 200 மில்லிலீற்றர் ஒழுகினால் கணக்குப் புத்தகத்தில் யாருக்கும் தெரியாது. பத்து வருடத்தில் அது 700 லீற்றரைத் தாண்டிவிடும்.

2014, 2015இல் எங்கள் வீட்டில் யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுத்தால் அம்மா சுகம் விசாரிக்க முதலே "கிணத்துத் தண்ணி மணக்குதோ?" என்றுதான் கேட்பா. சுன்னாகம் மின் நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதக்கிறது என்ற செய்தி வந்த காலம் அது. அந்தக் கேள்விக்கு மூக்கை மட்டும் நம்பிப் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் இதைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன்.

முதலில் கல்லைப் பார்ப்போம். மொண்டெல்லோ, மொன்தே பெல்லெக்ரீனோவுக்கும் மொன்தே கால்லோவுக்கும் நடுவே இருக்கும் தாழ்நிலம். இரண்டு மலையும் சுண்ணாம்புக்கல். சாந்தா ரொசாலியா குகைக்கு எங்கள் ஆட்களுடன் ஏறிப் போயிருப்பீர்கள். உள்ளே கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரைத் தகரப் பீலிகள் வைத்து ஏந்துகிறார்கள். மழைநீர் கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி வருகிறது. யாழ்ப்பாணத்தின் அடியிலும் சுண்ணாம்புக்கல்தான். வருடம் முழுக்க ஓடும் ஆறு அங்கே இல்லை. மழைத் தண்ணீர் கல்லுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே நன்னீராகத் தங்குகிறது. அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். தண்ணீர் இவ்வளவு சுலபமாக இறங்கும் நிலத்தில் எண்ணெயும் அப்படியே இறங்கும்.

எண்ணெய் தண்ணீரை விடப் பாரம் குறைந்தது. ஆகவே நிலத்தடி நீரின் மேல் படலமாக மிதக்கும். ஆனால் பெற்றோலுக்குள் பென்சீன் என்ற பொருளும் இருக்கிறது. இங்கே நாங்கள் 'பென்சீனா' என்று சொல்வது பெற்றோலை. பென்சீன் அதன் ஒரு பகுதி. அது தண்ணீரில் ஓரளவு கரைந்து, தண்ணீர் போகும் பக்கமெல்லாம் போகும். இரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. இத்தாலியச் சட்டத்தில் நிலத்தடி நீருக்கான பென்சீன் எல்லை ஒரு லீற்றருக்கு 1 மைக்ரோகிராம். அதாவது பத்து இலட்சம் லீற்றர் தண்ணீருக்கு ஒரு கிராம்.

இதைத் தேடுவது இப்படித்தான். பழைய தாங்கியைச் சுற்றித் துளையிட்டு, ஒவ்வோர் ஆழத்திலும் மண் எடுத்து, கண்ணாடிப் போத்தலில் காற்றுப் புகாமல் அடைத்து, குளிரில் வைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். பிறகு குறைந்தது மூன்று கண்காணிப்புக் கிணறுகளில் நீர்மட்டத்தை அளப்பார்கள். மூன்று மட்டங்கள் தெரிந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் சரிகிறது என்று கணக்கிடலாம். சுண்ணாம்புக்கல்லில் மூன்று போதாது. வெடிப்பு எங்கே திரும்புகிறதோ அங்கேதான் தண்ணீரும் திரும்பும். பக்கத்து வீட்டுக் கிணறு சுத்தமாக இருக்க, தூரத்துக் கிணறு பழுதாகலாம்.

சுன்னாகத்தில் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை கிணறுகளைச் சோதித்து, பலவற்றில் அனுமதித்த அளவைவிட எண்ணெயும் கிரீசும் கூட இருப்பதைக் கண்டது. வேறு நிபுணர்கள் ஆபத்தான மாசு இல்லை என்றார்கள். சனம் குழம்பியது. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மின் நிலையங்கள் எரிக்கும் கனத்த எண்ணெயில் பென்சீன் குறைவு. பென்சீனை மட்டும் தேடினால் 'இல்லை' என்று வரலாம், எண்ணெய் இருக்கும்போதே. 'தண்ணீர் நல்லதா?' என்ற ஒரே கேள்விக்கு, எதைத் தேடினார்கள் என்பதைப் பொறுத்து இரண்டு பதில் கிடைக்கும்.

ரவீந்திர குணவர்தன காரியவசம் என்ற சிங்களச் சூழலியலாளர் 2015இல் இதை இலங்கை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டு போனார். 2019 ஏப்ரல் 4ஆம் திகதி தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே செலவைக் கட்ட வேண்டும் என்ற கொள்கைப்படி, மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் 2 கோடி ரூபாய் கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. கிணறுகளைச் சுத்தம் செய்ய 500 பேர் வரைக்கும், ஆளுக்கு 40,000 ரூபாய்க்கு மேற்படாமல். ஒரு கிணற்றை இறைத்துக் கழுவ அது உதவும். கல்லின் வெடிப்புக்குள் இருக்கும் எண்ணெயை அந்தக் காசால் எடுக்க முடியாது. கண்டுபிடிக்கப் பிந்தினால் பிறகு வரும் நியாயமும் இந்த அளவுதான்.

இது பெரியவர்களின் ஊர்க்கதை என்று விட்டுவிடாதீர்கள். வலிகாமத்தில் உங்கள் பெரியம்மா, மாமா குடிக்கிற தண்ணீர் அதே கல்லுக்குள்ளிருந்து வருகிறது. அந்தக் காணியில் ஒரு பங்கு நாளைக்கு உங்கள் பெயருக்கும் வரலாம்.

எந்த அறிக்கை கையில் வந்தாலும் நான்கு விஷயம் பாருங்கள். எந்தக் கிணறு, எந்தத் திகதி, எந்தப் பொருளைத் தேடினார்கள், எந்த நாட்டின் எல்லையோடு ஒப்பிட்டார்கள். இலங்கையில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் உறவினர் அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கலாம். இத்தாலியில் 2005ஆம் ஆண்டின் 195ஆம் இலக்கச் சட்டம், சுற்றுச்சூழல் தகவலை ஏன் கேட்கிறேன் என்று காரணம் சொல்லாமலே யாரும் கேட்கலாம் என்கிறது. உங்கள் தெருவில் ஒரு பழைய பெற்றோல் நிலையம் வேலி அடைத்துக் கிடந்தால், அதைப் பற்றி நீங்களும் கேட்கலாம். இத்தாலிய மொழியில் கடிதம் எழுத அப்பா அம்மாவை விட உங்களுக்குத்தான் நன்றாக வரும்.