முகவரி சொல்பவர் யார்?

தொழில்நுட்பத் தரம் ஒன்றின் வரைவைப் படித்துக் கருத்துரைப்பது, வெளியிலிருந்து காண்போர்க்குச் சுவையற்ற பணியாகவே தோன்றும். பக்கம் பக்கமாக விதிகள், கதையில்லை, கவிதையுமில்லை. ஆயினும் கைபேசிகளும் கணினிகளும் தம்முள் பேசிக்கொள்ளும் முறைகளை வகுக்கும் வரைவு கைக்கு வரும்போதெல்லாம், எழுதியவரின் இடத்தில் நின்று நான் அதைப் படிப்பதில்லை. அதில் ஓட்டை தேடி வரப்போகும் கள்வனின் இடத்தில் நின்றே படிக்கிறேன்.

காரணத்தைச் சொல்லுகிறேன். ஊர் மாறிச் செல்பவர் புதிய முகவரியை அஞ்சலகத்தில் எழுதிக் கொடுத்தால், பழைய வீட்டுக்கு வரும் கடிதங்கள் அவரைத் தேடிச் செல்லும். இணையத்தில் இடம்விட்டு இடம்பெயரும் கருவிக்கு இவ்வேற்பாட்டைச் செய்தது, 1996-இல் வெளியான 'மொபைல் ஐ.பி.' என்னும் தரம். அதன் பின்வந்த 'மொபைல் ஐ.பி.வி.6', கடிதம் எழுதுவோரிடமே புதிய முகவரியை நேராக அறிவிக்கும் வசதியையும் சேர்த்தது. நல்ல வசதிதான். ஆனால், அறிவிப்பவர் உண்மையில் அவர்தாமா? பிறர் பெயரைச் சொல்லி, அவருடைய கடிதங்களை ஒருவன் தன் வாயிலுக்குத் திருப்பிக் கொள்ளலாமே!

வரைவு நிலையிலேயே எழுந்த இவ்வினாவுக்கு விடை கண்ட பின்னரே, 2004-இல் ஆர்.எஃப்.சி. 3775 என்ற எண்ணோடு அத்தரம் வெளிவந்தது. பழைய முகவரிக்கு ஒரு சீட்டு, புதிய முகவரிக்கு ஒரு சீட்டு. இரண்டையும் பெற்றுக் காட்டுபவரே நம்பப்படுவார். அந்த நம்பிக்கைக்கும் ஆயுள் 420 நொடிகளே. பின்னர் மீண்டும் மெய்ப்பிக்க வேண்டும். வழியில் அமர்ந்து இரு சீட்டுகளையும் பறிப்பவனை இக்காவல் தடுக்காது. தரம் அதையும் மறைக்கவில்லை. குறையை மறைக்காத வரைவே நம்பத் தக்கது.

சொற்களையும் எடைபோட வேண்டும். 'கட்டாயம்', 'செய்தல் நலம்', 'செய்யலாம்' என்னும் மூன்று படிகளுக்கும் 1997-இல் ஆர்.எஃப்.சி. 2119 பொருள் வரையறுத்தது. காவலைக் குறித்துக் 'கட்டாயம்' என வேண்டிய இடத்தில் 'நலம்' என்று நின்றால், செலவுக்கு அஞ்சும் உற்பத்தியாளர் அதை விட்டுவிடுவார். ஒரு சொல் தளர்ந்தால் எண்ணற்ற வாயில்கள் தாழின்றிக் கிடக்கும்.

இத்தரங்களை உருவாக்கும் இணையப் பொறியியல் பணிக்குழுவில் உறுப்பினர் கட்டணமில்லை, வாக்கெடுப்புமில்லை. படித்தவர் எவரும் கேட்கலாம். "நன்று" என்னும் நூறு பாராட்டுகளைவிட, "இவ்விடத்தில் கள்வன் வந்தால் என்னாகும்?" என்ற ஒரு கேள்வியே வரைவுக்குச் செய்யும் உண்மையான உபகாரம். அக்கேள்வியைக் கேட்டவரின் பெயரைக் கைபேசியை ஏந்தும் எவரும் அறியார். அவர்களுடைய கடிதங்கள் மட்டும் உரியவரிடம் போய்ச் சேரும்.