ஈரக்கை

தேனிலவுக்கு எங்கே என்று பாங்க்கில் கேட்டார்கள். அவலாஞ்சி என்றேன். அங்கே என்ன என்றார்கள். டிரௌட் மீன் பிடிக்கப் போகிறேன் என்றேன். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. லீவு கடிதத்தில் மட்டும் ‘சொந்தக் காரியம்’ என்று எழுதினேன். எழுதும்போது அது சரியான வார்த்தை என்றே தோன்றியது. கல்யாணத்தைவிட அந்த மீன் சொந்தக் காரியமாக இருந்ததோ என்ற சந்தேகம் பின்னால்தான் வந்தது.

டிரௌட்டை நான் பார்த்ததில்லை. ஆனால் பி.ஏ. ஆங்கிலம் படித்த நாட்களிலிருந்து எனக்கு அதைத் தெரியும். 1653-ல் வால்டன் எழுதிய தூண்டில் புத்தகத்திலும், யேட்ஸின் ஒரு கவிதையிலும் அது வருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஹெமிங்வேயின் ‘பெரிய இரட்டை இதய நதி’. 1925-ல் வந்த கதை. யுத்தத்திலிருந்து திரும்பிய ஒருவன் தனியே போய்க் கூடாரம் அடித்து மீன் பிடிக்கிறான். யுத்தம் என்ற பேச்சே கதையில் இல்லை. அந்தச் சொல்லாமையைப் பற்றி இரண்டு கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். கதையில் பெண்ணும் கிடையாது. தேனிலவுக்கு மாதிரியாக இதை எடுத்துக்கொண்டதிலுள்ள அபத்தம் ஒரு விமர்சகனுக்கு உடனே பட்டிருக்க வேண்டும். படவில்லை.

ஊர் நெய்வேலி. இங்கே தண்ணீர் என்பது முதலில் ஓர் அபாயம். பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே ஊற்றுநீர் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை பெயராமல் இருக்கும். ஒரு டன் கரிக்குப் பல டன் தண்ணீர். இந்த ஊர்ப் பையனுக்கு மலை ஏரி என்ற படிமம் எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று விளக்க வேண்டியதில்லை. வெயில், சாம்பல், சீராக எண்ணிட்ட வட்டங்கள், ஒரே மாதிரியான குவார்ட்டர்ஸ் வீடுகள். கையில் ஓர் ஆங்கிலப் புத்தகம்.

திட்டத்தைக் காகிதத்தில் எழுதினேன். விருத்தாசலம், சேலம், மேட்டுப்பாளையம், ஊட்டி. அங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர். அவலாஞ்சி என்றால் பனிச்சரிவு. பனி விழுந்து சரிகிற ஊர் அல்ல அது. 1823-ல் நடந்த மண்சரிவு ஒன்றுக்கு வெள்ளைக்காரன் தனக்குத் தெரிந்த வார்த்தையை வைத்துவிட்டுப் போனான். மழை மட்டும் உண்மையான மழை. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிற்று. ஏரியும் இயற்கை ஏரி அல்ல, குந்தா நீர்மின் திட்டத்தின் தேக்கம். 1960-களின் தொடக்கத்தில் கனடா உதவியோடு அங்கே அணைகள் எழுந்தன. 1962-ல் ருஷ்ய உதவியோடு இங்கே முதல் அனல்மின் யூனிட் ஓட ஆரம்பித்தது. நான் தப்பித்துப்போக நினைத்த இடம், என் ஊரைப் போலவே மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டது.

மீனும் உள்ளூர் மீன் அல்ல. வானவில் டிரௌட்டின் பூர்வீகம் பசிபிக் கரை அமெரிக்கா. 1860-களில் பிரான்சிஸ் டே நீலகிரிக்கு டிரௌட் கொண்டுவர முயன்றார், பலிக்கவில்லை. ஹெச்.சி. வில்சன் 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சுபொரிப்பகம் அமைத்தார். இலங்கை மலைகளில் ஏற்கெனவே பழகியிருந்த இனம் இங்கே தரித்தது. குளிர்ந்த நீர் வேண்டும், நீரில் பிராணவாயு நிறைய வேண்டும். தேங்கிய நீரில் அது வளரும், ஆனால் முட்டையிட ஓடும் நீரும் கூழாங்கல்லும் தேவை. ஏரிக்கு வந்து சேரும் ஓடைகளில் எதிரேறிப் போய்த்தான் இடும். பண்ணையிலோ மனிதன் பெட்டை மீனின் வயிற்றை மெல்ல அமுக்கி முட்டைகளை ஒரு பாத்திரத்தில் எடுத்து, ஆண் மீனின் விந்தை மேலே பீய்ச்சிக் கலக்கிறான்.

புதுக்கவிதையை இறக்குமதிச் சரக்கு என்று ஏசிய பழைய கட்டுரைகளும், இல்லை என்று மறுத்த பழைய கட்டுரைகளும் என் அலமாரியில் இருக்கின்றன. எங்கிருந்து வந்தது என்ற கேள்வியில் இரு தரப்பும் நின்றுவிட்டார்கள். ஓடையில் தானே முட்டையிட்டதா, பண்ணையில் வயிற்றை அமுக்கி எடுத்ததா என்று கேட்டிருந்தால் விவாதம் கொஞ்சம் உருப்பட்டிருக்கும். இதை எழுதும்போதே, என் கட்டுரைகளில் எத்தனை பண்ணை முட்டைகள் என்று எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

நிறுத்தவைத்தது ஒரு தொலைபேசிப் பேச்சு. எனக்கு நிச்சயமாகியிருக்கும் பெண்ணின் ஊர் பெருமாள் ஏரிப் பக்கம். பள்ளிக்கூட ஆசிரியை. எங்கள் சுரங்கத்தில் இறைக்கிற தண்ணீர் பரவனாறு வழியாக அவர்கள் பக்கத்து ஏரிகளுக்குத்தான் போகிறது. இது எனக்கு ஒரு புவியியல் தகவலாக மட்டுமே தெரிந்திருந்தது. அன்று இரவு என் திட்டத்தை விஸ்தாரமாகச் சொன்னேன். தூண்டிலின் தத்துவம், காத்திருத்தல், மௌனம் எல்லாவற்றையும் பேசினேன். பொறுமையாகக் கேட்டாள்.

“நீங்க தூண்டில் போட்டிருக்கீங்களா?”

இல்லை என்றேன்.

“நான் போட்டிருக்கேன்.”

மூங்கில் கழி, நைலான் நரம்பு, தக்கை, மண்புழு. கெண்டை, கெளுத்தி, எப்போதாவது ஒரு குரவை. பத்துப் பன்னிரண்டு வயதுவரை. ஆனால் மீனை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. பாட்டி வடலூர் போக ஆரம்பித்ததிலிருந்து வீட்டில் புலால் இல்லை. அதனால் பிடித்த மீனைத் திரும்ப ஏரியிலேயே விட்டுவிடுவாளாம்.

மேல்நாட்டில் இது ஒரு கொள்கை, பிடித்து விடுதல் என்று அதற்குப் பேரே இருக்கிறது என்று ஆரம்பித்தேன். அவள் குறுக்கிட்டாள்.

“விடறதுன்னா சும்மா இல்லைங்க. கையைத் தண்ணில நனைச்சுக்கிட்டுத்தான் தொடணும். காய்ஞ்ச கை பட்டா மேல இருக்கிற வழவழப்பு போயிடும். அப்புறம் அந்த எடத்துல வெள்ளையா பூத்து மீன் செத்துடும்.”

கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு எழவில்லை. ஹெமிங்வேயின் கதையில் அந்த மனிதன் சிறு மீனை விடுவிக்குமுன் கையை நனைத்துக்கொள்கிறான். உலர்ந்த கை பட்டால் பூஞ்சை பிடிக்கும் என்று கதையே காரணத்தையும் சொல்கிறது. அந்த இடத்தை நான் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். அதை ஒரு சடங்கு என்றும், காயம்பட்ட பிரக்ஞை தன்னைச் சுத்திகரித்துக்கொள்ளும் குறியீடு என்றும் ஒரு முழுப் பத்தி எழுதியிருக்கிறேன். குறியீடாக இருக்கட்டும். முதலில் அது ஈரமான கை என்பது எனக்குத் தெரியாமலே போயிற்று. ஹெமிங்வே பேரைக் கேள்விப்படாத ஒரு சிறுமி ஏரிக்கரையில் அதைச் செய்துகொண்டிருந்திருக்கிறாள்.

ஏன் நிறுத்திவிட்டாய் என்று கேட்டேன்.

“ஒரு கெண்டை வாய் கிழிஞ்சு வந்துது. விட்டப்புறமும் போகல, கரையோரமே நின்னுது. அதோட சரி.”

அவளை எங்கே கூட்டிக்கொண்டு போவதாக இருந்தேன் என்று அப்போதுதான் யோசித்தேன். என் வாசிப்புக்குள், எனக்குப் பக்கத்தில், கரையில் உட்காரவைத்துப் பார்க்கச் சொல்வதாக இருந்தேன். அவளுக்கு ஓர் ஏரி இருக்கக்கூடும் என்பதே திட்டத்தில் இல்லை. எத்தனையோ கவிஞர்களிடம் இதே குறையைக் கண்டு, மற்றவரின் அனுபவத்துக்கு இடம் விடாத எழுத்து என்று எழுதியவன் நான்.

அவலாஞ்சியை ரத்து செய்யவில்லை. அவளுக்கும் மலை பார்க்க ஆசை. குஞ்சுபொரிப்பகத்தைப் பார்க்கலாம். காப்புக்காட்டுக்குள் போக வனத்துறையின் அனுமதி வேண்டும், கேட்டுக்கொள்ளலாம். காகிதத்தில் தூண்டில் கழி, நரம்பு, செயற்கை ஈ என்றிருந்த மூன்று வரிகளை மட்டும் அடித்துவிட்டேன்.

நேற்றுப் பேசும்போது அவள் சொன்னாள்: “மறுவீட்டுக்கு வர்றப்ப எங்க ஏரியக் காட்டறேன். கழியெல்லாம் வேணாம். சும்மா தண்ணில நில்லுங்க, சின்னக் கெண்டையெல்லாம் வந்து காலைக் கடிக்கும்.”

காகிதத்தில் அதை முதல் வரியாக எழுதிச் சேர்த்திருக்கிறேன்.