சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

சுகருக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர் வீட்டுக்குப் போனால் நான் முதலில் எட்டிப் பார்ப்பது குப்பையைத்தான். கழற்றிப் போட்ட மூடி சிவப்பா, ஆரஞ்சா என்று தெரிந்தால் பாதி விசாரணை முடிந்துவிடும்.

கெலவரப்பள்ளி அணைக்கு இந்தப் பக்கம், மதகு திறந்தால் தென்பெண்ணை நுரை வாடை வாசல் வரைக்கும் வரும் வீடு அது. ரோஜாத் தோட்டத்தில் வேலை பார்க்கிற பெரியவர். காலையில் 20 யூனிட், ராத்திரி 12. இரண்டு மாதமாகச் சுகர் 300-க்குக் கீழே இறங்கவில்லை. வீட்டில் எல்லோரும் ராகிக் களி மேல் பழி போட்டார்கள். திருட்டுத்தனமாக இனிப்பு தின்கிறார் என்று மருமகளுக்குச் சந்தேகம். "இருவது கோடுதாம்மா, ஒரு கோடுகூட கொறைக்க மாட்டேன்" என்று பெரியவர் சத்தியம் செய்தார். அவர் சொன்னது உண்மை. மூலையில் கிடந்த மூடிகள் அத்தனையும் ஆரஞ்சு.

நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு எம்.எல்.லுக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் ஒரு எம்.எல்.லுக்கு 100 யூனிட். அந்த அடர்த்திக்கு உண்டானது ஆரஞ்சு மூடி. ஆரஞ்சு சிரிஞ்சில் 20-ஆம் எண் என்பது 0.2 எம்.எல். அதில் 40 யூனிட் குப்பி மருந்தை இழுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். கடையில் சிவப்பு தீர்ந்துபோன அன்றைக்கு, சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வந்த மகன் கொடுத்ததை வாங்கி வந்திருக்கிறான். அவனைக் குறை சொல்ல முடியாது. இரண்டும் ஒரே உயரம், ஒரே ஒல்லி.

இதில் எனக்கு வயிற்றைக் கலக்கியது வேறு விஷயம். சுகர் குறையவில்லையே என்று யாராவது அளவை 40 ஆக்கியிருந்தால்? தப்பான சிரிஞ்சில் அது 16 யூனிட், தாங்கிக்கொள்வார். அடுத்த மாதம் கடைக்குச் சிவப்பு வந்ததும் அதே நாற்பது நிஜ நாற்பதாக இறங்கும். நேர்மாறான தப்பு இன்னும் மோசம். 100 யூனிட் கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு சிரிஞ்சில் இழுத்தால் 20 என்பது 50 ஆகிவிடும். பேனா மக்கர் பண்ணினால் இப்படி இழுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

மற்ற ஊசிகளில் மூடி நிறம் உதவாது. சிரிஞ்சின் கொள்ளளவைப் பார்க்க வேண்டும். மருந்து அடங்கும் சிரிஞ்சுகளில் ஆகச் சின்னதை எடு என்பதே நான் பழகிய வழக்கம். ஐந்து எம்.எல். சிரிஞ்சில் ஒரு சின்னக் கோடு 0.2. குழந்தைக்கு 0.3 என்றால் இரண்டு கோட்டுக்கு நடுவே குத்துமதிப்பாக நிறுத்த வேண்டியதுதான். ஒரு எம்.எல். சிரிஞ்சில் நூறு கோடு. முப்பதாவதில் பிசகில்லாமல் நிற்கலாம். ராயக்கோட்டை மண்டித் தராசில் தாலிக்குண்டை யாராவது நிறுப்பார்களா?

கோட்டைப் படிக்கவும் ஒரு பழக்கம் வேண்டும். ரப்பரில் இரண்டு வளையம் இருக்கும். ஊசிப் பக்கத்து வளையம் எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அதுதான் அளவு. பின் வளையமும் இல்லை, நடுவில் கூம்பு துருத்திக்கொண்டிருந்தால் அதன் நுனியும் இல்லை. சிரிஞ்சைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடிக்க வேண்டும். குனிந்து பார்த்தால் ஒரு கோடு தப்பும். குமிழி இருந்தால் நகத்தால் தட்டி மேலேற்றி வெளியே தள்ளுங்கள். தோலுக்கடியில் அந்தக் காற்று கெடுதல் செய்யாது; ஆனால் மருந்து இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும்.

தடுப்பூசியில் இந்தத் தொல்லை கம்மி. 0.5 எம்.எல்.லுக்கென்றே வரும் சிரிஞ்சு ஒருமுறை போட்டதும் பூட்டிக்கொள்ளும். பி.சி.ஜி.க்கு 0.1 தனி. ஆனால் ஒரு மாதம் நிறையாத சிசுவுக்கு அதிலும் பாதி, 0.05. அங்கே மறுபடி கண்தான் வேலை செய்ய வேண்டும்.

பயிற்சிக் காலத்தில் நானும் ஒருநாள் சறுக்கினேன். சீட்டில் 4-ஐ ஒட்டி யூனிட்டுக்காகப் போட்ட ஆங்கில 'யு' வாய் மூடி, சுழியம் மாதிரி இருந்தது. நாற்பது என்று வாசித்துவிட்டேன். குப்பியைக் கையில் எடுத்தபோது மூத்த சிஸ்டர் மணிக்கட்டைப் பிடித்தார். அன்றிலிருந்து 'யூனிட்' என்று முழுசாகத்தான் எழுதுகிறேன். அரை எம்.எல்.லையும் புள்ளி மட்டும் வைத்து எழுதாமல் 0.5 என்றுதான் எழுதுவேன். புள்ளி அழிந்தால் அரை ஐந்தாகிவிடும்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. சுகர், பி.பி. மாத்திரை வாசலுக்கே வருகிறது. சிரிஞ்சைப் பற்றி வாசலில் நின்று சொல்லும்போது எனக்கு நாலு மொழி தேவைப்படுகிறது. தமிழ் வீட்டில் சிவப்பு, தெலுங்கு வீட்டில் எர்ர, கன்னட வீட்டில் கெம்பு, வடக்கிலிருந்து வந்த பிள்ளைகள் தங்கும் அறையில் லால்.

பெரியவருக்கு இப்போதும் அதே இருபதுதான், சிவப்பு மூடியில். அடுத்த முறை சிரிஞ்சு வாங்கப் போகும்போது வெறும் சீட்டோடு போகாதீர்கள். காலிக் குப்பியையும் எடுத்துப் போய், அதில் போட்டிருக்கிற 40-ஐக் கடைக்காரரிடம் காட்டி வாங்குங்கள்.