பழம்பொறியும் புதுச்செயலியும்

கணிப்பொறி விரைவு குன்றியதெனக் கருதி, அதனை மூலையில் ஒதுக்குவார் பலர். அதன் மூளையாகிய செயலியை மட்டும் மாற்றி, மேலும் சில ஆண்டு பணிகொள்ளலாம் என்பதை அவர் எண்ணிப் பாரார்.

எனினும், எச்செயலியும் எப்பொறிக்கும் இசைந்துவிடாது. இன்டெல் நிறுவனத்தார் 2012-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐ3-3220 செயலியில் ‘கோர்’ எனப்படும் கணிப்புக்கூறுகள் இரண்டு. அவ்வாண்டே வெளிவந்த ஐ7-3770 செயலியிலோ நான்கு. இரண்டிற்கும் இருக்கை ஒன்றே. 1155 ஊசிகளையுடைய ‘சாக்கெட்’ அது. 2013-இல் வந்த அடுத்த தலைமுறையோ 1150 ஊசிகளையுடைய இருக்கையை வேண்டுவது. வேறுபாடு ஐந்தே, ஆயினும் ஒன்றன் இருக்கையில் மற்றொன்று அமராது.

இருக்கை இசைந்தாலும் போதாது. நிறுவனத்தாரே பூட்டி விற்ற பொறியாயின், அதன் ‘பயாஸ்’ புதுச்செயலியை அறிந்து ஏற்றல் வேண்டும். முன்னதன் வெப்ப அளவு 55 வாட், பின்னதற்கு 77. குளிர்விக்கும் விசிறியும் அதற்கேற்றதாதல் வேண்டும். இவற்றை ஆராயாது வாங்கிப் பொருளிழந்தோர் உளர்.

மாற்றுங்கால் மின்னிணைப்பை நீக்கி, உலர்ந்த வெப்பப்பசையைத் துடைத்துப் புதுப்பசையைப் பயறளவே இடுவர். மயிரிழை போன்ற ஊசிகளுள் ஒன்று வளையினும் தாய்ப்பலகை பழுதாதல் கூடும். நெம்புகோலை அழுத்தும்போது எழும் கிறீச்சொலி பழகாதார் நெஞ்சை நடுங்கச் செய்யும். அஃது இயல்பான ஒலியே. திரை ஒளிர்ந்து புதுச்செயலியின் பெயரைக் காட்டிய பின்னரே அவர்தம் அச்சம் அகலும்.