காஞ்சியில் ஓர் ஓய்வுநாள்

‘ஓய்தல்’ என்னுஞ் சொல்லை நாடோறும் வழங்குகின்றோமாயினும் அதன் பொருளை நின்று நோக்குவார் மிகச் சிலரே. ஆசிரியர் தொல்காப்பியனார் உரியியலில் இச்சொல்லை வேறு மூன்று சொற்களோடு ஒருங்கு நிறுத்தி, முன்பு இருந்ததொன்று மெலிந்து நுணுகுதலையே அவை நான்கும் குறிக்குமெனக் கூறிப் போந்தார். ஆகவே, ஒருவன் ஓய்ந்தான் என்றால், அவன் வேலையை விட்டான் என்பதனினும், அவன்பால் இருந்த ஆற்றல் தேய்ந்தது என்பதே பழம்பொருளாகின்றது. தேய்வையும் அத்தேய்வை மாற்றும் இளைப்பாறலையும் ஒரே சொல்லால் வழங்கிய நம் முன்னோர், இரண்டும் ஒருவரிடத்திலேயே நிகழுமென எண்ணினர் போலும். தேய்பவர் ஒருவர், இளைப்பாறுபவர் மற்றொருவர் என்றிருக்கும் குடும்பங்களை அவர்கள் கண்டிலர், யாம் கண்டிருக்கின்றோம்.

விடுமுறை நாட்களைக் கேளிக்கைப் பூங்காக்களிற் கழிக்கும் வழக்கம் இக்காலத்தே எங்கும் பரவிவிட்டது. அமெரிக்காவில் 1955 ஆம் ஆண்டு கலிபோர்னியாவிலும், 1971 ஆம் ஆண்டு புளோரிடாவிலும் டிஸ்னி பெயரால் தோன்றிய பூங்காக்களுக்குச் செல்வோர் ஐந்தாறு நாள் தங்குவர். நடுவே ஒரு நாளைப் பூங்காவின்றி விடுத்து, நெடுநேரம் உறங்கி, விடுதிக் குளத்தில் நீந்தி இளைப்பாறுவர். நம் நாட்டில் அவ்வளவு பெரிய பயணம் முன்பு வேண்டப்படவில்லை. சென்னைக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி., எம்.ஜி.எம். பூங்காக்களும், பெங்களூர் நெடுஞ்சாலையில் பூவிருந்தவல்லிக்கு அப்பால் குயின்ஸ்லேண்டும் ஒவ்வொரு நாட்செலவாகவே முடிந்தன. கொச்சியில் 2000 இலும், பெங்களூரில் 2005 இலும் பூங்கா அமைத்த வொண்டர்லா நிறுவனத்தார் 2025 டிசம்பரில் திருப்போரூரை அடுத்த இள்ளலூரிலும் ஒன்று திறந்தனர். அதன்பின், தென்பாண்டி நாட்டிலிருந்து வருவோர் ஒரே புகைவண்டிச் செலவில் இரண்டு பூங்காக்களைப் பார்த்துத் திரும்ப எண்ணுவது இயல்பே. அவ்விரண்டிற்கும் நடுவேதான் ஓய்வுநாள் என்னும் வினா எழுகின்றது.

பாளையங்கோட்டையிலிருந்து புறப்பட்ட எம் குடும்பத்தில் அவ்வினாவை எழுப்பியவர் பாட்டியார். ஜனவரி 17, காணும் பொங்கலன்று ஒரு பூங்கா, 19, திங்கட்கிழமை மற்றொன்று, இடையே ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமையில் விளையாட்டிடத்துக்குச் செல்லலாகாது என்பது எம் இல்லத்துப் பழஞ்சட்டம். அதனை இயற்றியவரும் அவரே. எம் சிறிய தந்தையார் காஞ்சிபுரத்தில் ஆசிரியர், பிள்ளையார்பாளையத்தில் குடியிருக்கின்றார். ஆகவே சனிக்கிழமை இரவு அங்குச் சென்று சேர்ந்தோம்.

அவ்விரவில் யார் யார் சோர்ந்திருந்தனர் என்பதை யாம் நோக்கினோம். நாள் முழுதும் நீரிலும் வானத்திலும் சுழன்ற ஒன்பது வயதுத் தங்கை, உணவுண்டபின் திண்ணையில் ஓடி விளையாடினாள். தம்பி பாடினான். பாட்டியாரோ காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை ஒரு மரத்தடியில் அமர்ந்து, எங்கள் பைகளையும் செருப்புகளையும் மூக்குக்கண்ணாடிகளையும் காத்திருந்தவர். ஒரு சுழலூஞ்சலிலும் அவர் ஏறவில்லை. கால் வீங்கியது அவருக்குத்தான். கேளிக்கைப் பூங்காவில் மிகக் களைப்பவர் விளையாடுபவர் அல்லர், பொருள்களுக்குக் காவலிருப்பவரே என்பது எம் துணிபு.

தந்தையார் அன்றிரவே ஒரு தாளில் மறுநாளைக்குத் திட்டம் எழுதினார். கயிலாசநாதர் கோயில், 1509 ஆம் ஆண்டு கிருஷ்ணதேவராயர் எழுப்பிய கோபுரமுடைய ஏகாம்பரநாதர் கோயில், காமாட்சியம்மன் கோயில், பல்லவர் வரலாற்றைச் சுவர்ச் சிற்பங்களாக உடைய வைகுந்தப் பெருமாள் கோயில், வரதராசர் கோயிலின் நூற்றுக்கால் மண்டபமும் கற்சங்கிலியும், காந்தி சாலைப் பட்டுக்கடைகள், பொழுதிருப்பின் வேடந்தாங்கற் பறவைகள். அவரைக் குறைகூற எமக்கு மனமில்லை. ஆண்டுக்கொருமுறை விடுப்புக் கேட்டுப் பெறுபவர்க்கு ஒவ்வொரு நாளும் பொன்னன்றோ? ‘இனி எப்போது வரப்போகின்றோம்’ என்னும் அச்சம் நடுத்தரக் குடும்பத் தந்தையர் எல்லார்க்கும் பொதுவானது.

பாட்டியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அத்தாளை முழுதும் படித்தார். “ஐயா, இன்றைக்கு அந்தப் பூங்காவிலே ஒரு மரத்தடிதான் எனக்கு. நாளைக்கு ஏழு இடத்திலே உட்கார வைக்கப் போகிறாயா?” என்றார். தந்தையார் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

காஞ்சிக்கு வழிகூறும் நூல்களுள் மிகப் பழையது பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார், தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய அவ்வைந்நூறு அடிகளில், பரிசில் பெற்ற பாணன், வறுமையுற்ற மற்றொரு பாணனுக்கும் அவன் சுற்றத்தார்க்கும் வழி சொல்கின்றான். யாங்கண் தங்கலாம், எயினர் குடியில் என்ன கிடைக்கும், ஆயர் குடியில் என்ன தருவர், உழவர் மனையில் என்ன உண்ணலாம் என்பனவே அதிற் பெரும்பகுதி. காட்சிகளை அடுக்கிக்கொண்டே போயினும், களைத்த சுற்றத்தோடு செல்பவனுக்கு அடுத்த வேளை உணவும் நிழலுமே முதன்மையென்பதை அப்புலவர் மறந்திலர். வகுப்பில் இந்நூலைப் பாடங்கேட்டபோது இவ்வுணவுப் பட்டியல் எமக்குச் சற்று நீளமாகத் தோன்றியதுண்டு. காஞ்சிக்கே குடும்பத்தோடு சென்றபின் அவ்வாறு தோன்றவில்லை.

ஞாயிறு காலை ஆராதனை முடிந்து வந்தவுடன், இல்லத்தின் பின்கட்டில் ஈர ஆடைக் குவியல் ஒன்று எங்களை எதிர்கொண்டது. அலைக்குளத்து மருந்துநீர் ஊறிய துணிகள். திங்களன்று மீண்டும் வேண்டப்படுபவை. ஓய்வுநாள் என்று எல்லோரும் மகிழ்ந்திருக்கும் வேளையில் அன்னையார் முந்தானையைச் செருகிக்கொண்டு அங்கே செல்வதைக் கண்டோம். பூங்காவிற்குச் செல்லும் குடும்பங்களில் நடுநாள் என்பது பெரும்பாலும் தாயர்க்குத் துணி துவைக்கும் நாளே. யாமும் தம்பியும் குவியலைப் பறித்துக்கொண்டோம். தம்பி துவைத்ததில் சவர்க்காரம் போகவில்லையென்று அன்னையார் இருமுறை எழுந்து வந்தார். இருமுறையும் பாட்டியார் அவரை உட்காரச் செய்தார். சிறிய தாயாரையும் அடுப்பண்டை விடலாகாதென்று, காலையுணவு வெளியிலிருந்து வந்தது. மந்தாரையிலை பரப்பிய மூங்கிற் குடலையில் மாவை வார்த்து, மிளகும் சீரகமும் சுக்கும் கூட்டி அவிக்கும் காஞ்சிபுரத்து இட்டலியை, வரதராசர் கோயில் நிவேதனமாகவே நாடு அறியும். முந்தின நாள் வறுத்த பண்டங்களால் நொந்திருந்த வயிறுகளுக்கு அச்சுக்கே மருந்தாயிற்று.

நண்பகலில் இந்நகரக் கோயில்கள் நடைசாத்தி, மாலை 4 மணியளவில்தான் திறக்கின்றன. ஐந்து கோயில்களைப் பட்டியலிட்டு வருவோர் இதனை இடையூறென்பர். எமக்கோ நகரமே எங்களைப் படுக்கச் சொல்வதுபோல் இருந்தது. ஓய்வில் காஞ்சிக்கு நிகரான ஊர் இல்லையென்று சிறிய தந்தையார் நகையாடினார். அத்திவரதர் திருக்குள நீருக்கடியில் நாற்பதாண்டு துயில்பவரன்றோ? 1979 இல் எழுந்தவர் 2019 இல்தான் மீண்டும் எழுந்தார். அவ்வாண்டு ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை 48 நாள் காட்சி தந்ததில், முதல் மாதம் முழுதும் கிடந்த கோலமே. அந்நாட்களில் இத்தெருவில் நடக்கவும் இடமின்றி மக்கள் வெள்ளம் பெருகிய கதையைச் சிறிய தாயார் சொல்லிக்கொண்டிருக்கையில், கேட்டுக்கொண்டிருந்த அனைவரும் உறங்கிவிட்டனர். தந்தையாரே முதலில் உறங்கினார்.

மூன்று மணிக்குத் தங்கை எங்களை எழுப்பினாள். அடுத்த வீட்டில் தறி உண்டென்று யாரோ அவளுக்குச் சொல்லிவிட்டனர். பிள்ளையார்பாளையம் நெசவாளர் பகுதியாதலின் அஃதொரு புதுமையன்று. ஆனால் அன்று தெருவில் எவ்வொலியும் இல்லை. தங்கையை அழைத்துக்கொண்டு தந்தையாரும் யாமும் பாட்டியாரும் சென்றோம். வாயிலில் நின்ற நெசவாளர், வயது ஐம்பதிற்கு மேலிருக்கும், “இன்று தை அமாவாசைங்க. எங்கள் வீட்டில் அமாவாசையன்று தறியில் இறங்குவதில்லை” என்றார்.

தந்தையார் பணிவாகவே பேசினார். “பத்து நிமிடம் ஓட்டிக் காட்டினாற் போதும், அண்ணா. குழந்தை ஆசைப்படுகிறாள். அதற்கு என்ன உண்டோ அதனை…” என்று சட்டைப்பையிற் கைவைத்தார். பையிலிருந்து வெளிவந்தது மடித்து வைத்த அத்திட்டத் தாள்.

“வேண்டாமையா” என்றார் பாட்டியார். “ஞாயிற்றுக்கிழமை உன்னை யாராவது பத்து நிமிடம் ஆபீசுக்கு வரச்சொன்னால் நான் விட்டதுண்டா?”

நெசவாளர் சிரித்து, ஓட்டாத தறியைப் பார்ப்பதற்குத் தடையில்லையென்று உள்ளே அழைத்தார். அரையிருளில் குழித்தறி கிடந்தது. நெய்த பகுதியின்மேல் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. அவர் அதனை நீக்கினார்; அரக்கு நிற உடலும் பச்சைக் கரையும் சரிகையும் தெரிந்தன. ஓடும் தறியைக் கண்டிருந்தால் ஒலியும் விரைவுமே எங்கள் நினைவில் நின்றிருக்கும். நின்ற தறியிலோ ஒவ்வோர் உறுப்பையும் தொட்டுக் காட்டி அவரால் விளக்க முடிந்தது. பட்டுநூல் பெரும்பாலும் கருநாடகத்திலிருந்தும், சரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. உடலுக்கு ஒரு நாடா, கரைகளுக்கு வேறு நாடாக்கள். ஒவ்வோர் ஊடையிலும் கரை நூலும் உடல் நூலும் ஒன்றையொன்று பற்றிக் கோத்துக்கொள்ள வேண்டும், அதுவே கோர்வை. ஒருவர் தனித்து அதனைச் செய்தல் அரிது. பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவைத் தள்ள மற்றொருவர் வேண்டும். அவர்க்கு அத்துணை அவருடைய மனைவியார். முந்தி தொடங்குமிடத்தில் வேறு நிறப் பாவிழைகளை உடலின் பாவிழைகளோடு ஒவ்வோரிழையாகக் கையால் இணைக்கின்றனர். காஞ்சிப் பட்டு 2005 ஆம் ஆண்டளவில் புவிசார் குறியீடு பெற்றதை யாம் நூலிற் படித்திருந்தோம். அவ்விணைப்பின்மேல் விரலை வைத்துப் பார்த்தது அன்றே.

“மாதத்தில் ஒரு நாள்தானா ஓய்வு?” என்று பாட்டியார் கேட்டார்.

“ஓய்வு அந்த ஒரு நாள்தான், அம்மா. சும்மா இருக்கிற நாள் நிறைய உண்டு. நூல் வராத நாள், மழையில் குழிக்குள் ஈரம் ஏறிப் பாவு ஒட்டிக்கொள்ளுகிற நாள். அதெல்லாம் ஓய்வு ஆகுமா? சேலைக்கு இவ்வளவு என்று கூலி, நெய்தால்தான் காசு. அமாவாசைக்கும் காசு கிடையாது. ஆனால் அது நாமாக விடுகிற நாள்.”

இதனை அவர் முறையீடாகச் சொல்லவில்லை. தறியின் மற்றோர் உறுப்பை விளக்குவதுபோலவே சொன்னார். கூலியோடு விடுப்புப் பெற்று, அதனை எவ்வாறு நிரப்புவதென்று தாள் எழுதுவோர்க்கும், கூலியிழந்து ஒரு நாளைத் தமக்கென வைத்துக்கொள்வோர்க்கும் இடையே உள்ள தொலைவு எமக்கு அப்போதுதான் புலனாயிற்று. தந்தையாரும் அதனை உணர்ந்தார் என்றே நினைக்கின்றோம். அவர் அதன்பின் நெடுநேரம் பேசவில்லை. அவ்வீட்டு அம்மையாரோ முன்னோர்க்குப் படைத்த பெருஞ்சமையலின் பாத்திரங்களைக் கொல்லையில் துலக்கிக்கொண்டிருந்தார். அமாவாசை தறிக்கும் அதிலிறங்கும் ஆடவர்க்கும் மட்டும் விடப்பட்டது போலும். பாட்டியார் அப்பக்கம் பார்த்துவிட்டு எம்மையும் பார்த்தார்; ஒன்றும் சொல்லவில்லை.

மாலையில் ஒரே கோயில். கயிலாசநாதர் கோயில் அங்கிருந்து நடந்து செல்லுந் தொலைவே. பாட்டியாருக்காக மெல்ல நடந்தோம். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த அம்மணற்கற் கோயிலைச் சூழப் புல்வெளி. உள்ளே திருச்சுற்றை ஒட்டி 58 சிற்றாலயங்கள். அவற்றில் அம்மன்னன் தன் பட்டப்பெயர்களை இருநூற்றுக்கு மேல் பொறித்து வைத்திருக்கின்றான். தங்கை சிற்றாலயங்களை எண்ணப் புறப்பட்டாள். முதன்முறை 55, மறுமுறை 57. மூன்றாம் முறைக்குத் தந்தையாரையும் உடன் இழுத்துச் சென்றாள். யாளித் தூண்களின் நிழல் நீள்வதைப் பார்த்துக்கொண்டு அன்னையாரும் சிறிய தாயாரும் புல்லில் அமர்ந்து, பத்தாண்டுப் பேச்சை ஒரு மாலையிற் பேசினர். பட்டுக்கடைக்குப் போகவேண்டுமா என்று ஒருமுறை கேட்டோம். விலை பேசுவதும் ஒரு வேலையன்றோ என்றார் அன்னையார்.

திங்கட்கிழமை விடியலில் செங்கற்பட்டு வழியாகத் திருப்போரூர்ப் பக்கம் புறப்பட்டோம். பாட்டியார் வரவில்லை. “பைகளைப் பூட்டி வைக்க அங்கே பெட்டி கிடைக்குமாம், காசு கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்” என்று தந்தையாரிடம் சொல்லிவிட்டு, காப்பியருந்தியதும் அடுத்த வீட்டிற்குச் சென்றுவிட்டார். இரவில் யாம் களைத்துத் திரும்பியபோது, அரக்குச் சேலை ஒரு சாண் வளர்ந்திருக்கின்றதென்றும், கரை நாடாவைத் தள்ளுபவர்க்கு வலத்தோள் நோவுண்டென்றும், அதற்குத் தம்மிடமிருந்த தைலத்தைக் கொடுத்து வந்ததாகவும் கூறினார்.