பாம்பு வராதிருந்தால்?

சிறுவர் படநூல்களை இலக்கியமாகக் கருதும் வழக்கம் நம் தமிழ்த்துறைகளில் இன்னும் வேரூன்றவில்லை. பக்கத்திற்கு இரண்டு வரியும் ஒரு படமும் கொண்ட நூலில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று வினவும் புலவர் பெருமக்களை நாம் அறிவோம். ஆயினும், தன் இயல்போடு நிற்பதா, உடனிருக்கும் கூட்டத்திற்கேற்ப வளைவதா என்னும் வினா ஒருவருக்கு முதன்முதலாகக் கல்லூரி வாசலில் தோன்றுவதன்று. தொடக்கப் பள்ளியில், இடைவேளையில், வீட்டிலிருந்து கொண்டுவந்த தின்பண்டப் பொட்டலத்தைப் பிரிக்கும் கணத்திலேயே அது தோன்றிவிடுகிறது. அவ்வயதில் குழந்தையின் கைக்கு எட்டும் இலக்கியம் படநூல் ஒன்றே.

தில்லியில் 1957இல் கேலிச்சித்திரக் கலைஞர் சங்கர் சிறுவர் நூல்களுக்கென ஓர் அறக்கட்டளையை நிறுவினார். சென்னையில் 1994இல் தாரா பதிப்பகமும் 1996இல் தூலிகா பதிப்பகமும் தோன்றின. இவற்றின் வரவுக்குப் பின்னரே நம் மண்ணின் குழந்தைகள் படநூல்களில் தம் முகத்தைக் காணத் தொடங்கினர் எனலாம். அவற்றுள் ஒன்றைப் பற்றியே இங்கு விரித்துரைக்க விழைகிறோம்.

ஜாய் விட்டேகர் எழுதி, ஸ்ரீவித்யா நடராஜன் படம் வரைந்து, தூலிகா 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் அது. காளி என்னும் இருளர் சிறுவனே அதன் நாயகன். அவன் தந்தை பாம்பு பிடிப்பவர். அதில் அவனுக்குப் பெருமைதான், பள்ளியில் சேரும் வரை. பள்ளிக்கு வந்த பின் அப்பெருமையே சுமையாகிறது. அவன் விரும்பித் தின்னும் வறுத்த ஈசலும் அவனைப் பிறரிடமிருந்து பிரித்துவைக்கிறது. ஒருநாள் வகுப்பறைக்குள் சாரைப்பாம்பு ஒன்று நுழைகிறது. எல்லோரும் நடுங்க, காளி அதைப் பிடிக்கிறான். அன்றுமுதல் அவன் வகுப்பின் வீரன்.

இக்கதை வெறுங்கற்பனையன்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து பாம்புத்தோல் வணிகம் முடங்கியபோது, இருளர் பலர் பிழைப்பிழந்தனர். 1978இல் மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் அவர்களுக்கெனப் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று உருவாயிற்று. பிடித்த பாம்பிடம் நஞ்சை எடுத்துக்கொண்டு, அதனை மீண்டும் காட்டில் விட்டுவிடுவது அவர்தம் முறை. அந்நஞ்சிலிருந்தே பாம்புக்கடிக்கான மருந்து ஆக்கப்படுகிறது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருளர் இருவர்க்கு நடுவண் அரசு பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது. அச்செய்தியை நாளிதழில் படித்தபோது, வளர்ந்துவிட்ட காளியையே கண்டதுபோல் நாம் மகிழ்ந்தோம்.

அம்மகிழ்ச்சியைச் சற்றே கலைத்தவள் படவேட்டுச் சிறுமி ஒருத்தி.

படவேடு, சவ்வாது மலையடிவாரத்து ஊர். ஒருகாலத்தில் சம்புவராயர்களின் தலைநகர். ஆடி மாதத்தில் ரேணுகாம்பாள் கோயிலுக்கு வரும் கூட்டத்தால் நிறைந்து வழியும். ஏனைய நாள்களில் வாழைத் தோட்டங்களின் பசுமையில் அமைதியாக இருக்கும். அங்கு நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக மாணவர்களோடு தங்கியிருந்தோம். மாலைதோறும் பள்ளித் திண்ணையில் சிறுவரைக் கூட்டிக் கதை படிப்பது எம் பணிகளுள் ஒன்று. காளியின் கதையைப் படித்து முடித்ததும் பிள்ளைகள் கைதட்டினர். பின்வரிசையிலிருந்த அச்சிறுமி மட்டும் கைதட்டவில்லை. மலையூர் ஒன்றிலிருந்து இறங்கி, அத்தை வீட்டில் தங்கிப் படிப்பவள் என்று பிறகு அறிந்தோம். மலைவாழ் மலையாளி மக்கள் வகுப்பைச் சேர்ந்தவள். (கேரளத்தாரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளலாகாது; மலையை ஆள்வோர் என்பதே இப்பெயருக்கு இவர்கள் தரும் பொருள்.) அவள் மெல்லக் கேட்டாள்:

"பாம்பே வராம இருந்திருந்தா, சார்?"

நம் மாணவர் ஒருவர் சிரித்துவிட்டார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. பாம்பு வராதிருந்தால் காளி ஆண்டு முழுதும் தனியே அமர்ந்து ஈசல் தின்றிருப்பான். அவன் இயல்பு மாறியிருக்காது. அவன் தந்தையின் தொழிலும் மாறியிருக்காது. ஆனால் அவனை ஏற்கும் காரணம் வகுப்பிற்குக் கிடைத்திருக்காது.

இவ்வகைக் கதைகள் உலகெங்கும் இப்படித்தான் முடிகின்றன என்பதை அன்றிரவு எண்ணிப் பார்த்தோம். 1939இல் அமெரிக்கக் கடை ஒன்று இலவசமாக வழங்கிய சிறு நூலில், மூக்குச் சிவந்த கலைமானைக் கூட்டம் எள்ளி நகையாடுகிறது. மூடுபனி இரவொன்றில் அம்மூக்கின் ஒளி தேவைப்பட்டதும் அதுவே முன்னணியில் நிற்கிறது. 1843இல் ஆண்டர்சன் எழுதிய அழகற்ற வாத்துக் குஞ்சோ அன்னமாக வளர்ந்து தப்பித்துக்கொண்டது. அது உண்மையாகவே அழகற்ற வாத்தாக இருந்திருந்தால் அதன் கதி என்ன என்று ஆண்டர்சன் கூறவில்லை. கூட்டத்திலிருந்து வேறுபட்டவன், கூட்டத்திற்குப் பயன்பட்டால்தான் மன்னிக்கப்படுவான் என்னும் நிபந்தனை இக்கதைகளின் அடியில் ஓடுகிறது. பயன்படும் திறன் ஏதுமில்லாத எளிய குழந்தை எங்கே போவது?

விதிவிலக்காக ஒரு நூல் நினைவுக்கு வருகிறது. மன்ரோ லீஃப் எழுத, ராபர்ட் லாசன் வரைந்து 1936இல் வந்த பெர்டினாண்டு என்னும் காளையின் கதை. மற்றக் கன்றுகள் முட்டி மோதி விளையாட, அது மட்டும் மரநிழலில் அமர்ந்து பூவை முகர்ந்துகொண்டிருக்கும். தனிமையில் வாடுமோ எனத் தாய்ப்பசு கவலையுற்றுக் கேட்கிறது. மகனுக்கு அதுவே இன்பம் என அறிந்ததும் அவ்வாறே விட்டுவிடுகிறது. காளைச்சண்டைக் களத்திற்கு இழுத்துச் சென்றபோதும் அக்காளை சண்டையிடவில்லை. பெண்கள் தலையில் சூடிய பூவின் மணத்தை நுகர்ந்தபடி உட்கார்ந்துவிட்டது. வேறு வழியின்றி வீட்டிற்கே கொண்டுவந்து விட்டனர். எவரையும் காப்பாற்றவில்லை, எவர்க்கும் பயன்படவுமில்லை. இந்நூலை பிராங்கோவின் ஆட்சி ஸ்பெயினில் தடைசெய்தது. எருதுவிடும் விழாவில் காளை ஓடும் நொடிக்கணக்கைப் பார்க்கும் நம் பகுதியினர்க்கு, ஓடாமல் உட்கார்ந்த காளையின் கதை விசித்திரமாகவே தோன்றும். எனினும் நாம் கண்ட நூல்களுள் குழந்தையிடம் விலை கேளாத நூல் இதுவே. அதற்குக் காரணம் அந்தத் தாய்ப்பசு என்பது நம் கருத்து.

காளியின் நூலைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. இருளர் சிறுவனை நாயகனாக்கிய துணிவு ஒன்றே அதற்குப் பெருமை. படிக்கும் நம் முறையில்தான் மாற்றம் வேண்டும் என எண்ணினோம். எனவே மறுநாள் மாலை அதே நூலைப் படித்து, பாம்பு நுழையும் பக்கத்திற்கு முன்னரே மூடிவிட்டோம். இனி என்ன நடக்கும் என்று கேட்கவில்லை. அது அவர்களுக்குத் தெரியும். "உங்களுள் ஈசல் தின்றவர் யார்?" என்று மட்டும் கேட்டோம்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர். பின்வரிசைச் சிறுமியின் கை முதலில் உயர்ந்தது, பாதியளவே உயர்ந்தது. பிறகு முன்வரிசையில் சலவைச் சட்டை அணிந்த சிறுவன் ஒருவன், "எங்க ஆயா வறுத்துத் தருவாங்க சார்" என்றான். அவ்வளவுதான், கைகள் மளமளவென உயர்ந்தன. எண்ணிப் பார்த்தோம்: முப்பத்தொருவரில் இருபத்திரண்டு பேர். அடிவாரத்துப் பிள்ளைகள், ஊர்ப் பிள்ளைகள், கடைக்காரர் மகன் உட்பட. ஒவ்வொருவரும் மற்றவர் தின்னமாட்டார் என்று கருதி மறைத்து வைத்திருந்த ஒரே பண்டம் அது. எந்தக் கூட்டத்திற்கு அஞ்சி அவர்கள் ஒளித்தார்களோ, அந்தக் கூட்டம் அவர்களேதாம்.

அதன்பின் கதை படிக்க இயலவில்லை. மழை விட்ட மாலையில் புற்றருகே குழி தோண்டி விளக்கு வைத்தால் ஈசல் வந்து விழும் என ஒருவன் விளக்கினான். குழியெல்லாம் வேண்டா, தெருவிளக்கின் கீழ்த் தண்ணீர்ச் சட்டி வைத்தாலே போதும் என்றான் கடைக்காரர் மகன். இறக்கையை முறத்தில் புடைத்து நீக்கும் விதத்தை மலைச்சிறுமி எழுந்து நின்று, கைகளால் செய்து காட்டினாள். வறுத்த அரிசியோடு கலப்பதா, பொட்டுக்கடலையோடு கலப்பதா என்பதில் இரு கட்சிகள் உருவாகிப் பெரும் பூசல் மூண்டது. வறுத்த அரிசிக் கட்சிக்கு அவளே தலைவி. இருட்டும்வரை அது தீரவில்லை.