விலையும் பெறுமதியும்

அறபு மொழியில் விலையைக் குறிக்க இரு சொற்கள் உண்டு. வாங்குவோனும் விற்போனும் பேசி ஒப்புக்கொண்ட தொகை 'ஸமன்' எனப்படும். அப்பொருளுக்கு உள்ளபடியே எவ்வளவு பெறுமதி உண்டோ அது 'கீமத்' எனப்படும். ஃபிக்ஹு நூல்களில் கொடுக்கல் வாங்கல் பாடம் ஓதியோர் இவ்வேறுபாட்டை நன்கறிவர். இரண்டும் ஒன்றாய் அமைவதும் உண்டு. ஒன்றைவிட்டு ஒன்று வெகுதூரம் விலகி நிற்பதும் உண்டு. இக்காலத்தில் அவ்விலகலைக் கண்கூடாகக் காண விரும்புவோர், பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே ஒரு கணிப்பொறியைப் பூட்டிப் பார்த்தல் போதும்.

2025 டிசம்பரில், முட்டத்தில் கடற்றொழில் செய்யும் அன்பர் ஒருவர் நம்மிடம் யோசனை கேட்டு வந்தார். அவருடைய மகள் பள்ளியில் நம்மிடம் தமிழ் பயின்றவள். கல்லூரியில் கணினி அறிவியல் கற்கிறாள். சீட்டு எடுத்த பணம் 40,000 ரூபாய் அவர் கையில் இருந்தது. அதற்குமேல் ஒரு காசு இல்லை. அறபும் தமிழும் கற்பிக்கும் நமக்கும் இந்த இயந்திரத்துக்கும் என்ன உறவு என்று நேயர்கள் வினவலாம். பல்லாண்டுகளாக வினாத்தாள்களையும் பாடக்குறிப்புகளையும் இரு மொழியிலும் நாமே அச்சுக்கோத்து வருகிறோம். அதற்கான பொறியை இருமுறை நாமே பூட்டியும் இருக்கிறோம். உறவு அவ்வளவே.

கடைக்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்திருந்த பட்டியலை அவர் கொண்டுவந்திருந்தார். கண்ணாடிப் பக்கமுள்ள கேபினட், வண்ண விளக்கு எரியும் நான்கு விசிறி, தனி கிராபிக்ஸ் கார்டு எல்லாம் அதில் இருந்தன. மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். மட்டும் பெயர் தெரியாத ஒன்று. யானை வாங்கியபின் அங்குசத்துக்குப் பேரம் பேசிய கதைதான். அப்பெண் செய்யவிருப்பதோ நிரல் எழுதுதல், பாடம் கேட்டல், கட்டுரை தட்டச்சிடல். பயன் இன்னதென்று வரையறுத்த பின்னரே பாகம் தேடவேண்டும் என்பது முதல் விதி.

ஆதலின் பிராசஸரிலிருந்து தொடங்கினோம். கிராபிக்ஸ் தன்னுள்ளேயே அமைந்த பிராசஸரைத் தேர்ந்தால் தனிக் கார்டின் செலவு முழுதும் மிஞ்சும். 2021-இல் வெளிவந்த ரைசன் 5 5600ஜி அவ்வகையினது. ஆறு கோர்கள் உடையது. பெட்டியுடன் வாங்கினால் விசிறியும் மூன்றாண்டு உத்தரவாதமும் சேர்ந்து வரும். அது பொருந்தும் ஏ.எம்.4 சாக்கெட் 2016-இல் தோன்றியது. 2022-இல் ஏ.எம்.5 வந்துவிட்டதால் இது பழையது என்பர். பழையதாயினும் மதர்போர்டு மலிவு. மாணவி ஒருத்தியின் தேவைக்குப் புதுமை என்பது பெறுமதி ஆகாது. இன்டெல் வாங்குவோர் பெயரின் இறுதியில் 'எஃப்' என்ற எழுத்து உள்ளதா எனப் பார்த்துக்கொள்க. அவ்வெழுத்து இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்பது பொருள்.

அடுத்து ராம். இங்கேதான் இடர் வந்தது. உலகில் நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் செய்வோர் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூவர். செயற்கை நுண்ணறிவுக் கூடங்களுக்கான உயர்வகை நினைவகத்தின் பக்கம் இவர்கள் தம் ஆலைகளைத் திருப்பவே, 2025-இன் இறுதி மாதங்களில் சாதாரண ராமின் விலை இரு மடங்குக்கும் மேலாக ஏறிற்று. அவ்வாண்டு டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், குருஷியல் என்னும் பெயரில் பொதுமக்களுக்கு விற்றுவந்த வணிகத்தையே கைவிடுவதாக அறிவித்தது. எங்கோ எழும் கட்டடங்களின் பசி முட்டத்து மீனவர் ஒருவரின் சீட்டுப் பணத்தில் கை வைத்தது. பொருள் அதே பொருள். ஸமன் மட்டும் ஏறிற்று.

கணக்கிட்டுப் பார்த்தபோது, 16 ஜி.பி. ராம் வாங்கினால் யூ.பி.எஸ். வாங்கப் பணமில்லை, யூ.பி.எஸ். வாங்கினால் 8 ஜி.பி.தான் என்ற நிலை வந்தது. "ஸார், படிப்புக்கு ராம்தான் முக்கியம், கரண்டு போனால் பிறகு போட்டுக்கொள்ளலாமே" என்றாள் மாணவி. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எனினும் ராமைப் பின்னர் சேர்க்கலாம். அதற்கென்றே இரண்டாம் இடம் மதர்போர்டில் காலியாக இருக்கும். குமரி மாவட்டத்துக்கோ தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் ஆண்டுக்கு இருமுறை மழை கொணர்வன. இடி மின்னலோடு மின்சாரம் போய்ப் போய் வரும் மாலைகளில், எழுதிக்கொண்டிருந்த பாடம் பாதியில் அழிவதோடு, எஸ்.எஸ்.டி.யில் பதிந்தவையும் பழுதுபடக்கூடும். இப்பொறி திரையோடு சேர்த்தும் 150 வாட்டைத் தாண்டாதாகையால் 600 வி.ஏ. யூ.பி.எஸ். போதும். அவள் அரைமனத்தோடு இசைந்தாள்.

தந்தையாரோ உடனே இசைந்தார். "வாத்தியாரே, வள்ளத்துக்கு இன்ஜின் எடுக்கும்போது என்ன ஓட்டம் ஓடும் என்று நாங்கள் முதலில் கேட்கமாட்டோம். நடுக்கடலில் நின்றால் என்ன செய்வது என்றுதான் கேட்போம்" என்றார். பாகம் தேர்தலுக்கு இதனினும் நல்ல விதியை நாம் எந்நூலிலும் கண்டதில்லை.

முட்டத்துக்கே உரிய மற்றொரு கணக்கும் உண்டு. அங்கே கடற்காற்றில் சன்னல் கம்பி துருப்பிடிப்பதை யாவரும் காண்பர். காற்றில் வரும் உப்புத்துகள் பொறியினுள் படிந்து, ஈரப்பதம் 75 விழுக்காட்டை எட்டும்போது நீரை உறிஞ்சிக் கசியும். மின்சாரம் கடத்தும் அந்த ஈரப்படலம் செப்பு இணைப்புகளை மெல்ல அரிக்கும். அரித்த பாகத்துக்கு உத்தரவாதம் பொதுவாகச் செல்லாது. எனவே விசிறிகள் மிகுந்த கேபினட் சென்னையில் அழகு. முட்டத்திலோ உப்பை வரவழைக்கும் வாயில். தூசி வலையுள்ள எளிய இரும்புப் பெட்டியும் இரண்டு விசிறியும் போதும் என்றோம். கடல் நோக்கிய சன்னலருகே வையாமல் உள்ளறையில் வைக்கச் சொன்னோம். நாள்தோறும் சிறிது நேரம் இயக்கவும் சொன்னோம்; பொறியின் சூடே ஈரத்தை விரட்டும்.

பழைய பொருள் வாங்கலாமா எனில், திரை, கேபினட் ஆகியவற்றைக் கண்ணால் பார்த்து வாங்கலாம். நாமும் திரையைப் பழையதாகவே வாங்கினோம். எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பழையதாக வாங்குதல் தகாது; ஒன்று கெட்டால் மற்றவற்றையும் உடன் கொண்டுபோவது அதுவே. 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை பெற்றது அரைச் சுமையில் குறைந்தது 85 விழுக்காடு மின்சாரத்தையேனும் பயனாக்கும். அலுவலகங்கள் கழித்த முழுப் பொறிகளும் மலிவாய்க் கிடைக்கின்றன. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 14-10-2025 அன்று முடிந்துவிட்டது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவை பெரும்பாலும் விண்டோஸ் 11-க்கு ஏற்கப்படா. லினக்ஸ் பழகியவர்க்கு அவையும் உதவும்.

இறுதியில் பில். பில் வேண்டாமென்றால் 18 விழுக்காடு வரி குறையும் என்றார் ஒரு கடைக்காரர். 40,000 ரூபாயில் அது ஏறத்தாழ 6,100. மாணவி கேட்ட ராமுக்கு அதுவே போதும். தந்தையார் நம் முகத்தைப் பார்த்தார். மகள் தந்தையைப் பார்த்தாள். குறை கண்டவிடத்துப் பொருளைத் திருப்பும் உரிமையை 'கியாருல் ஐபு' என்று ஃபிக்ஹு நூல்கள் வகுத்துள்ளன. இன்று அவ்வுரிமை நிற்பது வரிசை எண் எழுதிய பில்லின் மேல். வாங்கிய நாளுக்குச் சான்று இல்லாதவன் எதைக் காட்டி உரிமை கேட்பான்? அரசுக்குரியதை மறைத்துப் பெற்ற மலிவும் நமக்கு ஒவ்வாது. இரண்டையும் சொல்லிவிட்டு முடிவை அவரிடமே விட்டோம். அவர் வேறொரு கடைக்கு எழுந்து சென்று பில்லோடு வாங்கினார்.

பூட்டும் வேலையில் பெரும்பகுதியை அவளே செய்தாள். நாம் அருகிருந்து திருகாணி எடுத்துக் கொடுத்தோம். 40,000 ரூபாய்ப் பொறி மூன்றாண்டில் ஓய்ந்தால் ஆண்டுக்கு 13,333 ரூபாய்ச் செலவு. ஐந்தாண்டு உழைத்தால் 8,000 ரூபாய்தான். வாங்கும் நாளில் இக்கணக்கைத் தாளில் எழுதிப் பார்ப்போர் எதை விடுவது, எதைக் கொள்வது என்று பிறரைக் கேட்கவேண்டிய தேவை மிகக் குறையும். மழைக்காலம் கழிந்ததும் இரண்டாம் ராம் வாங்குவதற்கென்று அவள் மாதந்தோறும் சிறு தொகை சேர்த்து வருகிறாள்.